நேர்கோட்டில் அறுக்க, சிக்கன விலையில் எந்த ரம்பம்?

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றை வாங்கி வந்து அலமாரி செய்யத் தொடங்குகிறவர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் அறுப்புதான். பக்கப் பலகை ஒரு முனையில் இரண்டு மில்லிமீட்டர் ஒதுங்கிப் போனால் போதும், கதவு ஒரு மூலையில் இடிக்கும், மறுமூலையில் வாய் பிளக்கும். இழுப்பறை பாதி தூரம் வந்து இறுகிக்கொள்ளும். பிறகு இழைப்புளி போட்டுச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் இன்னொரு அலமாரியே செய்துவிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பலகையும் பிளைவுட்டும் அறுக்க 185 அல்லது 190 மி.மீ. சர்குலர் சா (வட்ட பிளேடு சுற்றும் கை மின்ரம்பம்) ஒன்று, 40 பல் கார்பைடு பிளேடு ஒன்று, ரம்பம் ஒட்டி ஓடக் கையாலேயே செய்துகொள்ளும் வழிப்பலகை ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்தால், மட்டமான டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) ஒன்றைவிடக் குறைந்த செலவில் அதைவிட நேரான அறுப்பு கிடைக்கும். சட்டம், கால், பீடிங் போன்ற சின்ன உருப்படிகளுக்கு இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம் ஒன்று. வீட்டு மரவேலைக்கு இவற்றுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

சிக்கனம் என்றதும் பலரின் கண் போவது மார்பிள் கட்டர் மீது. கல் அறுக்கும் அந்தக் கருவியில் 110 மி.மீ. மர பிளேடை மாட்டி வேலை செய்வது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணக் காட்சி. கருவி எளிதாகக் கிடைக்கிறது, எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். சர்குலர் சா ஓடுவது 5,000 சொச்சம். சர்குலர் சாவில் அறுப்பு முடிந்ததும் கீழ்க்காப்பு தானாக வந்து பிளேடை மூடிவிடும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு திறந்தபடியே தொடைக்கு அருகில் வந்து நிற்கும். கல்லை அது தேய்த்து அறுக்கிறது. மரத்திலோ பல் கவ்விப் பிடிக்கிறது, கவ்விய வேகத்தில் கருவி கையை விட்டுத் துள்ளுகிறது. அறுக்கும் ஆழமும் 35 மி.மீ. அளவோடு நின்றுவிடும். விலை எவ்வளவு குறைந்தாலும் மரத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கும் ஜிக் சா வளைவுகளுக்கு அருமையான கருவி. நேர்கோட்டுக்கு ஆகாது. அதன் பிளேடு மேல்முனையில் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது, கீழ்முனை அந்தரத்தில் ஆடுகிறது. 18 மி.மீ. பிளைவுட்டில் மேலே கோட்டின் மீதே போகும், கீழே ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கும். எந்த வழிப்பலகை வைத்தாலும் இந்தச் சாய்வு போகாது.

மலிவு விலை டேபிள் சாவின் பலவீனம் அதன் ஃபென்ஸ். பலகை உரசிச் செல்லும் அந்தப் பட்டை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும். மெல்லிய அலுமினியத்தில், ஒரு முனையில் மட்டும் பூட்டும் ஃபென்ஸ் அப்படி நிற்காது. பின்முனை உள்நோக்கிச் சாய்ந்தால் பலகை பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் நெரிபட்டு ஆளை நோக்கிப் பாயும். மேசையும் சிறியது. அதில் முழு பிளைவுட்டை ஒருவர் தனியாகத் தள்ளி அறுப்பது நடக்காத காரியம். மேலிருந்து இறங்கி வெட்டும் மைட்டர் சா குறுக்கே வெட்ட மட்டும். சட்ட வேலை நிறைய உள்ளவர் வாங்கலாம்.

இனி சர்குலர் சாவைப் பார்ப்போம். மக்கீட்டாவின் எச்.எஸ். 7600 மாடல் 1200 வாட், 185 மி.மீ. பிளேடு, 5,200 சுற்று, நேராக வைத்தால் 66 மி.மீ. ஆழம், எடை 4 கிலோ. போஷின் ஜி.கே.எஸ். 190 மாடல் 1400 வாட், 190 மி.மீ., 5,500 சுற்று, 70 மி.மீ. ஆழம், 4.2 கிலோ. வீட்டு வேலைக்கு இரண்டும் தாராளம். 18 மி.மீ. பிளைவுட்டை அறுக்க 1400 வாட் அவசியமே இல்லை. இரண்டு அங்குலத் தேக்கை நார் ஓடும் வாட்டத்துக்கு நீளமாக அறுக்கும்போதுதான் அந்தக் கூடுதல் சக்தி உணரப்படும். முதலில் கைக்கு அடக்கமாக இருப்பதைப் பார்த்து எடுங்கள், பிறகு வாட்டைப் பாருங்கள்.

அட்டையில் அச்சிடாத ஒரு விஷயம் அறுப்பின் நேர்த்தியைத் தீர்மானிக்கிறது. அது பலகை மீது படிந்து ஓடும் அடித்தகடு. கடைக்குப் போகும்போது ஒரு ஸ்டீல் ஸ்கேலும் சின்ன மூலைமட்டமும் எடுத்துப் போங்கள். பிளக் மாட்டாத நிலையில் கீழ்க்காப்பை விலக்கி, பிளேடின் ஒரு பல்லில் பென்சிலால் குறியிடுங்கள். அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது தகட்டின் விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று அளவெடுங்கள். பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மறுபடி அளவெடுங்கள். வெவ்வேறு பல்லை அளந்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால்தான் ஒரே பல். இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். அரை மில்லிமீட்டர் வேறுபட்டாலே பிளேடு கோட்டில் நேராகப் போகாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். அறுத்த முகத்தில் கருகல், வளைவு வளைவான கீறல், மோட்டாரில் முனகல் எல்லாம் இதிலிருந்து வருபவை. தகட்டைச் சமதளக் கண்ணாடி மீது வைத்து நாலு மூலையும் அழுத்திப் பாருங்கள். நொண்டினால் வேறு உருப்படி கேளுங்கள். சாய்வுத் திருகை இறுக்கியபின் தகட்டைக் கையால் அசைத்தால் அசையக் கூடாது. சாய்வு அளவுக்கோட்டில் 0 என்று காட்டுவதை நம்ப வேண்டாம். மூலைமட்டத்தைத் தகட்டிலும் பிளேடின் உடலிலும் சேர்த்து வைத்து 90 பாகையைப் பாருங்கள். மட்டத்தின் விளிம்பு பல் மீது படக் கூடாது. பல் பிளேடைவிடத் தடிமன், அளவு பொய்யாகிவிடும்.

பெட்டியோடு வரும் பிளேடு பெரும்பாலும் 18 அல்லது 24 பல். சட்டத்தை வாட்டத்துக்கு அறுக்க அது நல்ல பிளேடு, தூக்கிப் போட வேண்டாம். பிளைவுட்டுக்கு 40 பல், மைக்கா ஒட்டிய பலகைக்கு 60 பல். பல்லின் மேல்முனை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமும் சாய்த்துத் தீட்டியிருக்க வேண்டும், அதுதான் குறுக்கு நாரைக் கத்திபோலச் சீவும். 60 பல் பிளேடால் தடித்த மரத்தை வாட்டத்துக்கு அறுக்கப் பார்த்தால் பல்லிடுக்கில் தூள் அடைத்துக்கொண்டு மரம் கருகும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: விட்டம், நடுத்துளை, பிளேடில் பொறித்த உச்சச் சுற்று வேகம். நடுத்துளை 20, 25.4, 30 மி.மீ. என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இடைவளையம் போட்டு மாட்டுவதானால் அது தளர்வில்லாமல் உட்கார வேண்டும், இல்லையென்றால் பிளேடு மையம் தப்பி ஆடும். உச்ச வேகம் உங்கள் ரம்பத்தின் வேகத்தைவிட அதிகமாக இருந்தே ஆக வேண்டும். தேக்கில் மணல்சத்து உண்டு, பிளைவுட்டின் பசை காய்ந்து கல்லாகக் கிடக்கும். இரண்டும் சாதாரண எஃகுப் பல்லை வெகு சீக்கிரம் மழுங்கடிக்கும். கார்பைடு முனை வைத்த பிளேடுக்குப் பணத்தைச் செலவிடுங்கள். ரம்பத்தில் மிச்சம் பிடித்துப் பிளேடில் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

கைப்பழக்கத்தால் மட்டும் எட்டடி நேர்கோடு வராது. தேர்ந்த ஆசாரிக்கும் அந்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் அலைச்சல் வரும். தண்டவாளத்தில் ஓடும் பிளஞ்ச் சா என்று ஒரு வகை உண்டு. ஃபெஸ்டூல், மக்கீட்டா எல்லாம் செய்கின்றன. மக்கீட்டாவின் எஸ்.பி. 6000 அந்த ரகம்: 165 மி.மீ. பிளேடு, 56 மி.மீ. ஆழம். அறுப்பு வெண்ணெய் வெட்டியது போல் இருக்கும், விலை சாதாரண ரம்பத்தைப்போல் பல மடங்கு. அந்தத் தண்டவாளம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஒரு துண்டு பிளைவுட் செய்துவிடும்.

செய்முறை இது. 6 மி.மீ. பிளைவுட் 300 மி.மீ. அகலத்தில் ஒன்று. அதன் மேல் ஒட்ட 100 மி.மீ. அகலத்தில் 9 அல்லது 12 மி.மீ. பட்டை ஒன்று. குறுக்கே அறுக்க 1.5 மீட்டர் நீளம், முழு நீளத்துக்கு எட்டடி. இரண்டும் செய்து வைத்துக்கொள்வது நல்லது. பட்டைக்கு 18 மி.மீ. எடுக்காதீர்கள், ஆழம் கூட்டி அறுக்கும்போது தொங்கும் மோட்டார் அதில் இடிக்கும். இந்தப் பட்டையின் ஒரு விளிம்பு மாசுமறுவற்ற நேராக இருக்க வேண்டும், எல்லா அறுப்புக்கும் அதுதான் தாய். பிளைவுட்டின் தொழிற்சாலை விளிம்பு பெரும்பாலும் நேர்தான். அதையும் சோதித்தே எடுக்க வேண்டும். தரையில் காகிதம் விரித்து விளிம்பை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். பட்டையைப் புரட்டிப் போட்டு, அதே விளிம்பை அந்தக் கோட்டின் இரு முனையிலும் சேர்த்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டால் நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், அதில் பாதிதான் உண்மையான கோணல். நேரான விளிம்பு கிடைக்காவிட்டால் கொத்தனார்கள் பூச்சு மட்டம் தட்டும் அலுமினியக் கட்டை கைகொடுக்கும். அதே சோதனையைச் செய்து அதையே பட்டையாக வைத்துத் திருகிவிடலாம், ஆனால் அதன் உயரம் மோட்டாரில் இடிக்காததாகப் பார்த்து எடுங்கள்.

பட்டையின் நேர்விளிம்பு உட்பக்கம் பார்க்க, மறுவிளிம்பு அடிப்பலகையின் ஓரத்தோடு சேர, ஃபெவிகால் தடவி, கீழிருந்து சிறு திருகு போட்டு இறுக்குங்கள். திருகின் தலை பலகைக்குள் அமுங்க வேண்டும், துருத்தினால் நல்ல பிளைவுட்டில் கீறும். ஓர் இரவு காயட்டும். பிறகு ரம்பத்தின் அகலமான பக்கத் தகட்டைப் பட்டையோடு சேர்த்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே ஓட்டமாக அடிப்பலகையை அறுத்துவிடுங்கள். மிச்சம் நிற்கும் விளிம்புதான் உங்கள் பிளேடு போகும் கோடு, தலைமயிர் அளவுகூடப் பிசகாமல். இனிப் பலகையில் குறித்த கோட்டின் மேல் இந்த விளிம்பை வைத்து, இரு முனையிலும் சி கிளாம்ப் போட்டு ஓட்ட வேண்டியதுதான். தகட்டின் அகலத்தைக் கூட்டிக் கழிக்கும் கணக்கே கிடையாது. அந்த விளிம்பு மேல்முகத்து நாரை அழுத்திப் பிடிப்பதால் அந்தப் பக்கம் பிசிறும் குறையும். மேற்பரப்பில் மெழுகுவத்தி தேய்த்தால் ரம்பம் வழுக்கிக்கொண்டு போகும். அடியில் நான்கைந்து இடத்தில் உப்புத்தாள் துண்டு ஒட்டினால் வழிப்பலகை நகராது.

ஒரு எச்சரிக்கை. இந்த விளிம்பு அந்த ரம்பத்துக்கும் அந்த பிளேடுக்கும் மட்டுமே சொந்தம். தடிமன் வேறான பிளேடு மாட்டினால் கோடு தள்ளிப் போகும். எந்த பிளேடில் அறுத்தது என்று பலகையின் மேலேயே எழுதி வையுங்கள்.

வழிப்பலகையை எப்போதும் உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள், கழிவுப் பக்கம் வைக்காதீர்கள். பிளேடு தின்னும் மரம் கழிவிலிருந்து போகட்டும். இதை மறந்தால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மில்லிமீட்டர் குறையும். திட்டம் போடும்போதே அந்தக் கணக்கு வேண்டும்: 1220 மி.மீ. அகலத்தை மூன்றாகப் பிரித்தால் 406 வராது. இரண்டு அறுப்புக்கு நான்கு மில்லிமீட்டர் போக, துண்டுக்கு 405 தான் வரும்.

பலகையைத் தாங்க வைப்பதில்தான் விபத்தும் பிழையும் அதிகம். இரு முனையில் இரண்டு ஸ்டூல் வைத்து நடுவே அறுத்தால், அறுப்பு முடிய முடியப் பலகை நடுவில் தொய்ந்து, அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். ரம்பம் ஆளை நோக்கிப் பின்னால் பாயும். இரண்டு அங்குலத் தெர்மோகோல் தாளைத் தரையில் பரப்பி அதன்மேல் பிளைவுட்டைப் போடுவது சுலபமான தீர்வு. முழுப் பலகைக்கும் தாங்கல் கிடைக்கும், அறுந்த துண்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும், பிளேடு தெர்மோகோலில் கொஞ்சம் இறங்கினால் நட்டமில்லை. ஒரே தாள் பல அலமாரிக்கு வரும். வெள்ளை உருண்டைகள் வீடெல்லாம் ஒட்டும் தொல்லை இருக்கிறது, மொட்டை மாடியில் வைத்து அறுப்பது நல்லது.

பிளேடின் ஆழம், பலகைக்குக் கீழே ஒரு பல் உயரம் தெரியும் அளவு போதும். வழிப்பலகையின் 6 மி.மீட்டரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சர்குலர் சாவில் முன்பக்கப் பல் கீழிருந்து மேலே ஏறி வருவதால் பிசிறு மேல்முகத்தில் அடிக்கும். ஆகவே அழகான முகம் கீழே. டேபிள் சாவில் இது அப்படியே தலைகீழ். மைக்கா ஒட்டியதானால் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அறுக்கும் கோட்டைக் கூர்மையான கத்தியால் ஒருமுறை கீறிவிடுங்கள். முழு வேகம் வந்தபின் பிளேடை மரத்துக்குள் விடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள், நிறுத்திய இடத்தில் தழும்பு விழும். சுற்றிக்கொண்டிருக்கும்போது ரம்பத்தைப் பின்னால் இழுக்கவே கூடாது. உடம்பு பிளேடின் நேர்பின்னால் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கட்டும். கண்ணாடியும் காதுக் காப்பும் முகமூடியும் வேண்டும். கையுறை வேண்டாம், சுற்றும் பல் அதைப் பிடித்து இழுக்கும். தோளில் கிடக்கும் துண்டையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1400 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாமல் 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டுங்கள். நீட்டிப்பு வயர் 1.5 சதுர மி.மீட்டருக்குக் குறையக் கூடாது, 15 மீட்டரைத் தாண்டினால் 2.5 எடுங்கள். மெல்லிய வயரில் வோல்ட் குறைந்து, பிளேடு இழுபட்டு, மோட்டார் சூடாகும். வயரை உருளையில் சுருட்டியபடியே வேலை செய்யாதீர்கள், உள்சுற்று உருகிவிடும்.

அறுத்தது சரிதானா என்று பார்க்க மூலைமட்டத்தைவிட நம்பகமான வழி உண்டு. அறுத்த இரண்டு துண்டில் ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி, அறுத்த முகங்களைச் சேர்த்து வையுங்கள். பிளேடு சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு இரட்டிப்பாகி இடைவெளியாகத் தெரியும். முகத்தில் கருகல் இருந்தால் பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது பிசின் படிந்திருக்கும், இல்லையேல் தகடு இணையாக இல்லை. முதலில் பிளேடைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பலர் மழுங்கிவிட்டது என்று எறியும் பிளேடுகள் வெறும் பிசின் படிந்தவை. ஈரம் போகத் துடைக்காவிட்டால் துருவேறும்.

சின்ன உருப்படிகளுக்கு வருவோம். 45 மி.மீ. சதுரக் காலை அறுக்கச் சர்குலர் சாவை எடுப்பது ஆபத்து, துண்டைப் பிடிக்க இடமிருக்காது. இங்கே இழுத்து அறுக்கும் ரம்பம் சிறப்பு. நம் கை ரம்பம் தள்ளும்போது அறுக்கிறது. தள்ளும்போது தகடு வளையாமல் இருக்கத் தடித்த எஃகு தேவை. இழுக்கும்போது தகடு கயிறு போல விறைத்து நேராகிவிடும், எனவே அரை மில்லிமீட்டர்த் தகடே போதும். அறுப்பு வாய் ஒரு மில்லிமீட்டர் வரும், கைக்கு அலுப்பும் குறைவு. ரியோபா வகையில் ஒரு விளிம்பு வாட்டத்துக்கு, மறுவிளிம்பு குறுக்குக்கு. முதலில் வாங்குகிறவருக்கு 240 மி.மீ. ரியோபா பொருத்தம். கியோகுச்சோ, ஜெட்சா போன்ற ஜப்பானியக் கம்பெனிகளின் தகடுகளைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். பல்லின் முனையைச் சூடேற்றி மிகக் கடினமாக்கியிருப்பதால் அரத்தால் தீட்ட முடியாது, மழுங்கினால் புதுத் தகடுதான்.

கோட்டைக் கத்தியால் நாலு முகத்திலும் சுற்றிக் கீறுங்கள். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கத்திக் கீறலுக்குக் கிடையாது. பல்லும் அதில் தானாக உட்காரும். கட்டை விரல் நகத்தைத் தகட்டுக்கு அணைவாக வைத்து, கைப்பிடிக்கு அருகிலுள்ள பல்லால் மெல்ல இழுத்துத் தொடங்குங்கள். அழுத்தாதீர்கள், ரம்பத்தின் எடையே போதும். சதுரமாகச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் கோட்டில் கிளாம்ப் செய்து, அதன் முகத்தோடு தகட்டைச் சேர்த்து இழுத்தால் புதியவருக்கும் 90 பாகை வரும். ஆனால் இந்தப் பல் ஜப்பானின் சுகி, ஹினோகி போன்ற மென்மரத்துக்கென வளர்ந்த மரபு. பைன், ரப்பர்வுட், தேக்கு சரி. வைரம் பாய்ந்த ஈட்டி, கருவேலம், கணு நிறைந்த வேம்பு என்றால் பல் உடையும்.

அதற்கு நம் கை ரம்பமே மேல். கடையில் வாங்கியது ஒரே பக்கம் இழுக்கிறது என்றால் அந்தப் பக்கத்துப் பற்கள் அதிகமாக விரிந்திருக்கின்றன என்று பொருள். ரம்பத்தைத் தட்டையாகக் கிடத்தி, இழுக்கும் பக்கத்துப் பற்களின் மேல் எண்ணெய்க்கல்லை ஒரே ஒருமுறை லேசாக உரசி ஓட்டுங்கள். அறுத்துப் பாருங்கள். இன்னும் இழுத்தால் இன்னொரு முறை. அதிகம் உரசினால் மறுபக்கம் இழுக்கத் தொடங்கும். அந்த ரம்பத்தை முக்கோண அரத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் தீட்டிக்கொள்ளலாம், விலையும் ஜப்பானியத் தகட்டைவிடக் குறைவு.

ஒரே ஒரு அலமாரி, அதற்குப் பிறகு மரவேலை இல்லை என்பவர் எதையும் வாங்க வேண்டியதில்லை. முழுப் பலகையை அறுக்கும் பேனல் சா இயந்திரம் வைத்திருக்கும் பிளைவுட் கடைகள் உண்டு, அளவுச் சீட்டு கொடுத்தால் அறுத்துத் தருவார்கள். சீட்டில் மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள், அங்குலமும் நூலும் கலந்து எழுதாதீர்கள். நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போடுங்கள். ஒரே அளவுத் துண்டுகளை அளவுகோல் நகர்த்தாமல் ஒரே அமைப்பில் வரிசையாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் கூடக்குறைய வந்தாலும் எல்லாம் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கும், பெட்டி கோணாது.